கிணற்றை ஆழமாக்கிய டீச்சர்

1

யோசனை எனக்கு முதலில் வந்த இடம் ஒரு கிணறு. கிணற்றங்கரை அல்ல, கிணற்றுக்குள்ளேயே. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். சுவரில் எங்கேயோ விரிசல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் கடல் புகுந்துவிட்டது என்பது என் முடிவு. அந்த விரிசலைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். மேலே வட்டமாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் தலைகள். அவற்றில் ஒரு தலை, மரியம் என்கிற பிள்ளையுடையது, கேட்டது:

"மிஸ், உங்க ஊர்ல தரைக்குக் கீழ என்ன இருக்கு?"

"பாறை."

"அதுக்கும் கீழ?"

"அதுக்குக் கீழயும் பாறைதான்."

மரியம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, எனக்காக வருத்தப்படுகிறவள் போல மெதுவாகச் சொன்னாள்:

"எங்களுக்குக் கீழ கடல் இருக்கு, மிஸ்."

என் கை சுவரிலேயே நின்றுவிட்டது. விரிசல் எதுவும் இல்லை. இருக்கவும் தேவையில்லை. நான்கடி ஆழமாகத் தோண்டி, கடலை நானே கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்திருக்கிறேன். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனால் அதே நொடியில் மண்டைக்குள் விளக்கு எரிந்ததும் நிஜம்: ஒரு புத்தகத்தின் முதல் பாடம் இது. இந்தப் பிள்ளைகளுக்கென்று யாருமே எழுதித் தராத புத்தகத்தின் முதல் பாடம்!

"ஏணியப் போடுங்க," என்று கத்தினேன். "எல்லாரும் நோட்டு எடுத்துட்டு வாங்க!"

2

நேற்று வந்த தோணியில் அந்தப் புத்தகம் வந்து இறங்கியது. கட்டுக் கட்டாக, ஸ்டென்சில் மை வாசனையோடு, மீன் வலைகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மாலத்தீவில் ஒரு மூலையில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தீவில், நானும் என் கணவர் இக்பாலும் பள்ளி ஆசிரியர்கள். அவர் கணக்கு, நான் விஞ்ஞானம். அவருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி, எனக்கு ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளி. அங்கிருந்து பஸ், ரயில், விமானம், கடைசியில் ஓர் இரவு முழுக்கத் தோணி. வந்து நான்கு வருடம் ஆகிறது.

வந்த புதிதில் எங்கள் கையில் கொடுத்த பாடப் புத்தகம் வேறு ஏதோ தேசத்துக்காக அச்சடித்தது. அதில் ரயில் நிலையம் இருந்தது. பனி மூடிய மலை இருந்தது. 'நமக்குக் குடிநீர் ஆறுகளிலிருந்து கிடைக்கிறது' என்று இருந்தது. ஆற்றையே பார்க்காத முப்பத்திரண்டு பிள்ளைகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் ஒப்பித்தார்கள். நானும் சளைக்கவில்லை. கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணையைப் பார்த்த நினைவில், கரும்பலகை முழுக்க ஆறு வரைந்து, கரையும் மணலும் பாலமும் போட்டேன்.

"மிஸ், அந்தத் தண்ணி எங்க போகும்?" என்றான் ஒருவன்.

"கடலுக்கு."

"சும்மா விட்டுடுவீங்களா?"

வகுப்பே சிரித்தது. நான் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்த வித்தை கைவந்தது.

3

ஏன் தோண்டினேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு மூக்கண்டப்பள்ளிக்கு வர வேண்டும்.

எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால் லைன் வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தெருவில் பாதிப் பேர் கம்பெனி ஆள்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஜில்லா, ஒரு பாஷை. குழாயில் தண்ணீர் நின்றால் எல்லோரும் கூடி ஆழ்துளைப் போர் போடுகிற ரிக்கு வண்டியைக் கூப்பிடுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வரும். அது வந்து நிற்கிற நாள் தெருவுக்கே திருவிழா. பாறையை உடைக்கிற சத்தத்தில் சமையல் பாத்திரங்கள் ஆடும். வெள்ளைப் பவுடராகக் கல் தூசி கிளம்பி எல்லாருடைய தலையும் ஒரே நிறமாகிவிடும்.

"நூத்தி எம்பது அடி ஆச்சுண்ணா. ஈரம்தான் காட்டுது," என்பார் வண்டிக்காரர்.

"போடுப்பா, இன்னும் இருபது போடு," என்பார் அத்தா. "தண்ணி கீழதான இருக்கும். மேலயா பறக்கும்?"

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் "இன்னு ஸ்வல்ப, இன்னு ஸ்வல்ப" என்பார். எதிர்வீட்டுத் தெலுங்கம்மா "இங்கா, இங்கா" என்பார். மூன்று பாஷையிலும் தெரு சொன்னது ஒன்றுதான்: இன்னும். நான் அந்தத் தெருவில் வளர்ந்தவள். தண்ணீர் குறைந்தால் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் ஒரு விஞ்ஞானம் உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

இந்த வருடம் மார்ச்சில் பள்ளியின் மழைநீர்த் தொட்டி காலியானது. பள்ளிக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. இங்கே கிணறு என்றால் ஆறேழு அடிதான். நீண்ட கம்பின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, மேலாக மொண்டு எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"ஆழப்படுத்தினா ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுது, சார்," என்றேன் தலைமையாசிரியர் ஹசனிடம்.

அவர் தாடியைத் தடவினார். "இங்க யாரும் அப்படிச் செய்யறதில்லையே, ஷாஹிதா மிஸ்."

"செஞ்சு பாத்ததில்ல, அதான். நான் ஓசூர்க்காரி சார். கிணத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். முழு நம்பிக்கையோடு சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இரண்டு ஆட்கள் நான்கடி தோண்டினார்கள். ஒரு படகிலிருந்து பம்பு ஒன்றை வாங்கி வைத்தோம். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். நான் இரண்டு நாள் தீவுக்கே ராணி மாதிரி நடந்தேன். மூன்றாம் நாள் காலை இக்பால் ஒரு வாய் டீ குடித்துவிட்டு டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். பால் திரிதிரியாக நின்றது.

"என்ன ஷாஹிதா, சர்க்கரை டப்பாவுக்குப் பதிலா உப்பு டப்பாவ எடுத்துட்டியா?"

"ஸ்கூல் கிணத்துத் தண்ணிங்க. நல்ல தண்ணிதான்."

"நல்லதுதான். கருவாடு ஊறப்போடலாம்."

பள்ளி வேலியை ஒட்டி ஃபாத்திமத் என்கிற பெண்ணின் வீடு. கணவன் மீன்பிடிக் கப்பலில். மூன்று பிள்ளைகள். அவளுடைய கிணறு எங்கள் கிணற்றிலிருந்து பதினைந்து எட்டுத் தூரம். அதுவும் உப்பாகிவிட்டது. முற்றத்துப் பப்பாளியின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. அவள் சண்டைக்கு வரவில்லை. காலையிலும் மாலையிலும் இரண்டு குடத்தோடு எங்கள் வாசலைக் கடந்து மசூதிக் கிணற்றுக்குப் போனாள், திரும்பி வந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விரிசல் தேடி நான் கிணற்றுக்குள் இறங்கியது அதற்கு அடுத்த வாரம்.

4

ஹசன் சார் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"இந்தப் பருவம் முடியும்போது உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். தீவுக் கமிட்டி என்ன சொல்லுதோ அதை எழுதித்தான் நான் தலைநகருக்கு அனுப்பணும். இப்பக் கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால், பொய் சொல்லவில்லை, எனக்கு அதைவிட அந்த இரண்டு குடம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஃபாத்திமத்தின் கிணறு திரும்ப இனிக்காமல் நான் இந்தத் தீவை விட்டுப் போனால், ஓசூர் ரயில் நிலையத்தில் இறங்கும்போதும் அவள் எனக்கு முன்னால் குடத்தோடு நடந்துகொண்டிருப்பாள்.

"பாடமா எழுதறேன், சார்," என்றேன்.

"என்ன?"

"இந்தக் கிணத்தைச் சரி பண்றதையே பாடமா வைக்கிறேன். ஏழாம் கிளாசுக்கு. தீவுல எப்படி வாழறதுங்கற பாடம். தண்ணி முதல்ல. அப்புறம் குப்பை, பவளப்பாறை, மீன், மரம். எல்லாம் இந்தத் தீவுலயே பாத்து, தொட்டு, அளந்து எழுதறது."

அவர் என்னையே பார்த்தார். ஒப்பந்தம் போகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது புதிதாக வேலை கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். "நடத்துங்க," என்றார்.

உப்பை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. அப்போதுதான் என் அம்மா நினைவுக்கு வந்தார். எங்கள் தெருவில் புது போர் போட்டால் முதலில் துணி துவைக்கிற பார் சோப்போடு ஓடுவது அம்மாதான். நுரை வந்தால் நல்ல தண்ணீர், திரிந்தால் உப்பு. லேப் ரிப்போர்ட்டுக்கெல்லாம் அவர் காத்திருந்ததில்லை. நான் அந்தச் சோப்பை விஞ்ஞானமாக்கினேன். ஒரே அளவு துண்டு, ஒரே அளவு பாட்டில், இருபது குலுக்கு, பிறகு நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளவு. பிள்ளைகள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து தீவின் கிணறுகளை எல்லாம் சுற்றினார்கள். வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "உங்க மிஸ் இப்ப எங்க கிணத்தையும் தோண்டப் போறாங்களா?" என்று கேட்டார்களாம். பிள்ளைகள் அதையும் விடாமல் நோட்டில் எழுதி வந்தார்கள்.

மரியம் பெரிய தாளில் தீவை வரைந்தாள். நுரை நிறைய வந்த கிணறு நீலம், குறைந்தது மஞ்சள், வராதது சிவப்பு. பத்து நாளில் படம் தானாகப் பேசியது. தீவின் நடுவில் நீலம், ஓரங்களில் மஞ்சள். டப்பாவால் மேலாக மொள்ளுகிற கிணறு நீலம். பம்பு வைத்த வேறு இரண்டு கிணறு சிவப்பு. அப்புறம், வேலியின் இரு பக்கமும் அடுத்தடுத்து இரண்டு சிவப்புப் பொட்டு. ஒன்று எங்களுடையது, மற்றது ஃபாத்திமத்தினுடையது.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீல மை கலந்த உப்புத் தண்ணீரை விட்டு, அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டி வழியாக மெல்ல ஊற்றிக் காட்டினேன். மேலே தெளிவாக ஒரு தட்டு நின்றது. "இதுதான் நம்ம கிணறு. மழை கொடுத்த தண்ணி, கடல் மேல மிதக்குது," என்றேன். ஒரு குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினேன். கீழேயிருந்து நீலம் கூம்பாக ஏறி வந்தது. வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்காகத்தான் மனிதர்கள் வாத்தியார் வேலைக்கு வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் பிள்ளைகளே கிணற்றை மூடினார்கள். முழுக்க அல்ல, நான் தோண்டிய அந்த நான்கடியை மட்டும். கரையில் அலை ஒதுக்கிய கற்களைப் பொறுக்கி, கூடை கூடையாகக் கொண்டுவந்து போட்டோம். பம்பைப் படகுக்கே திருப்பிக் கொடுத்தோம். கூரைத் தண்ணீர் எல்லாம் எங்கள் கிணற்றிலும் ஃபாத்திமத் கிணற்றிலும் விழுகிற மாதிரி தகரக் கால்வாய் கட்டினோம்.

பிறகு? பிறகு மழை வர வேண்டும். அதற்கு மட்டும் என்னிடம் பாடத்திட்டம் இல்லை.

5

காத்திருந்த நாட்களில் எழுதினேன். பதினாறு பாடம். ஹசன் சார் தீவு மொழியான திவேஹியில் கூடவே எழுதினார். தலைநகருக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. உள்ளே யாரும் படித்த அடையாளம் இல்லை. கூட ஒரு படிவம், மூன்று பிரதி. 'எந்தப் பாடத்தைச் சேர்ந்தது' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம், நிரப்ப வேண்டுமாம்.

விஞ்ஞானம் என்று போட்டால் விஞ்ஞானத்துக்கு ஏற்கெனவே புத்தகம் இருக்கிறது. பூகோளம் என்றால் அதற்கும் இருக்கிறது, அந்தப் பனி மலையோடு.

"சமையல்னு போடு," என்றார் இக்பால். "உன் டீயிலதான ஆரம்பிச்சுது."

எங்கள் மகள் நஸ்ரின் அப்போது வாசல் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான்கு வயது. அவளைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு, உங்களில் வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் புரியும். பசித்தால் திவேஹி, தூங்கினால் திவேஹி. என் அம்மாவோடு டெலிபோனில் பேசியபோது என்னவோ மளமளவென்று சொன்னாள். "ஏம்மா, கொழந்த என்னா பாஷ பேசுது?" என்று அம்மா அந்தப் பக்கம் அழுகிற குரலில் கேட்டார்.

அன்று நஸ்ரின் மணலில் கிணறு தோண்டினாள். முழங்கை வரை போனதும் ஈரம் ஊறியது. கையை எடுத்துவிட்டாள்.

"இன்னும் தோண்டு கண்ணு," என்றேன், பழக்க தோஷத்தில்.

"போதும்மா," என்றாள், சுத்தமான தமிழில். "கீழ கடல் தூங்குது."

இக்பால் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். மூன்று பிரதியிலும் அந்தக் கட்டத்தில் எழுதினேன்: 'தீவு'. பாடம்: தீவு. அவ்வளவுதான்.

மே மாதம் மழை வந்தது. ஒருநாள் இருநாள் அல்ல, மூன்று வாரம். பிள்ளைகள் தினமும் பாட்டிலைக் குலுக்கினார்கள். அரை விரல் நுரை. ஒரு விரல். ஒரு நாள் குறைந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஏறியது.

ஜூன் கடைசியில் தீவுக் கமிட்டி பள்ளியில் கூடியது. என் ஒப்பந்தம்தான் விஷயம். தலைவரும் ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மரியம் தீவுப் படத்தை விரித்து, எங்கும் தடுமாறாமல், ஒவ்வொரு கிணறாகச் சொல்லி முடித்தாள். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"தப்பு யாருடையது?"

"என்னுடையது," என்றேன். அந்தச் சொல்லை மட்டும் திவேஹியில் முதல்நாளே பிழையில்லாமல் பழகி வைத்திருந்தேன்.

அப்போது ஃபாத்திமத் உள்ளே வந்தாள். கையில் தட்டு, தட்டில் டம்ளர்கள். யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து முதல் டம்ளரை நீட்டினாள். டீ. பால் டீ. திரியாமல், மேலே ஆடை கட்டி, ஆவி பறந்தது.

"என் கிணத்துத் தண்ணி," என்றாள்.

குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சூடுதான் காரணம் என்று இக்பாலிடம் இன்றுவரை சாதித்துவருகிறேன். தலைவரும் ஒரு டம்ளர் எடுத்தார், ஒரு வாய் உறிஞ்சினார்.

"இந்த மிஸ்ஸ அனுப்பிட்டா," என்றார் ஹசன் சாரிடம், "அடுத்து வர்றவங்களும் தோண்டுவாங்க. இவங்க இனிமே தோண்ட மாட்டாங்க. இருக்கட்டும்."

ஆறு கையெழுத்து. பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

6

தலைநகரில் இந்தமுறை யாரோ ஒருவர் பாடங்களைப் படித்திருக்கிறார். எங்களோடு சேர்த்துப் பக்கத்துத் தீவுகள் நான்கிலும் நடத்திப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. 'தீவு' என்று நான் எழுதிய கட்டத்தில் ஒரு சரி குறி. அவ்வளவு அழகான சரி குறியை நான் பரீட்சைத் தாளில்கூட வாங்கியதில்லை.

நேற்று வந்த கட்டைப் பிரித்தபோது மொத்த வகுப்பும் என் மேல் விழுந்தது. முதல் பாடத்தின் தலைப்பு: 'வெளியூர் டீச்சர் கிணற்றை ஆழமாக்கினார்'. அதை நடுவில் எங்காவது வைக்கலாம் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஹசன் சாரும் அவர்கள் கட்சி. "நாங்க செய்யாத தப்பு, மிஸ். நீங்க செஞ்சதாலதான் எங்களுக்கே காரணம் தெரிஞ்சுது," என்றார். அந்தப் பாடத்துக்கு மரியம் படம் வரைந்திருக்கிறாள். கிணற்றுக்குள் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண், வாய் பிளந்தபடி. நான் சொன்ன வாக்கியமும் மேலே அப்படியே இருக்கிறது: 'கிணத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?' இனி ஐந்து தீவுப் பிள்ளைகளும் அதை வாய்விட்டுப் படிப்பார்கள். படிக்கட்டும்!

அதே தோணியில் தம்பி சாதிக்கின் கடிதமும் வந்தது. தெருவில் போர் வற்றிவிட்டதாம். ரிக்கு வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். 'போன தடவை முந்நூறு, இந்தத் தடவை ஐந்நூறு போடலாம்னு அத்தா சொல்றாரு' என்று எழுதியிருக்கிறான். அதை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்குக் கீழே கடல் இல்லை, பாறைதான். ஆனால் பாறைக்கு இடையில் நின்ற தண்ணீரும் எப்போதோ பெய்த மழைதானே. அதை யார் கணக்கெடுத்தார்கள்? எங்கள் தெருக் கூரைகளில் விழுகிற மழை எல்லாம் எங்கே போகிறது? 'சும்மா விட்டுடுவீங்களா?' என்று அந்தப் பையன் கேட்டானே, அதற்கு இப்போது பதில் சொல்ல வேண்டியவள் நான்.

மூக்கண்டப்பள்ளியில் நான் படித்த பள்ளிக்கு, விடுமுறையில் வந்து இதே பாடத்தை நடத்தலாமா என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். தலைமையாசிரியை அம்மா கார்டு போட்டிருக்கிறார்: 'தாராளமாக வாருங்கள். ஆனால் சிலபஸில் இடம் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டிரில். வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.'

எடுத்துக்கொள்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கான பெட்டியில் இப்போதே நான்கு பார் சோப்பு, ஸ்கேல், ஆழம் அளக்க முடிச்சுப் போட்ட கயிறு, கலர் பென்சில் எல்லாம் ஏறிவிட்டன. கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்றும் பேசுகிற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு கிணற்றுக்கும் குழாய்க்கும் போகப் போகிறேன். அத்தாவின் போர் முதலில். ஐந்நூறு அடிக்கு முன்னால் ஒரு தகரக் கால்வாய் என்று அவரிடம் வாதாட வேண்டும். தலைநகர் ஆபீஸைவிட அவர் கடினம்.

பெட்டியின் அடியில் ஒரு தாளும் இருக்கிறது. ஏழாம் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு, ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புகிற ஒரே ஒரு கேள்வி. பதில் இல்லாமல் திரும்பி வரக் கூடாது என்று மரியம் உத்தரவு போட்டிருக்கிறாள். அந்த டிரில் பீரியடில், கரும்பலகையில் ஆறெல்லாம் வரையாமல், முதலில் அதைத்தான் எழுதப் போகிறேன்:

உங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது?